பன்னிரண்டு அறைகளும் காலி: 'சைக்கோ' இன்றும் பயமுறுத்துகிறதா?

அல்பிரட் ஹிட்ச்கொக் இயக்கி 1960இல் வெளியான 'சைக்கோ' என்ற ஆங்கிலத் திகில் படம் இன்றைய பிள்ளைகளைப் பயமுறுத்துமா என்று பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இலங்கையின் மலையக நகரான ஹட்டனில் ஆடி மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்த ஓர் இரவில் அது நிறைவேறியது. இதை முன்பு இரண்டு முறை பார்த்திருந்த நானும், கைப்பேசியிலேயே எத்தனையோ பேய்ப் படங்களைப் பார்த்துத் தள்ளிய 16 வயதுத் தங்கை மகனும், ஆங்கிலம் அறியாத எங்கள் அம்மாவும் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பயமுறுத்துகிறது. ஆனால் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக எல்லோரும் கைகாட்டும் குளியலறைக் காட்சி இன்று வலுக் குறைந்து நிற்கிறது. பயம் அதற்கு முன்னும் பின்னும் போய்க் குடியேறியிருக்கிறது.

அலுவலகப் பணம் 40,000 டொலரை எடுத்துக்கொண்டு காரில் ஓடும் மேரியன் என்ற பெண், அடைமழையில் பாதை தவறி ஒரு தங்குமிடத்துக்கு வந்து சேர்கிறாள். புதிய நெடுஞ்சாலை வந்ததும் ஆள் நடமாட்டம் அற்றுப்போன பழைய பாதையில் இருக்கும் அந்த இடத்தில் அறைகள் பன்னிரண்டு, பன்னிரண்டும் காலி. அதை நடத்தும் இளைஞன் நோர்மன், பின்னாலிருக்கும் மேட்டு வீட்டில் தாயுடன் வாழ்வதாகச் சொல்கிறான். கதையை இதற்கு மேல் சொன்னால், பார்க்காதவர்களின் இன்பத்தைப் பறித்தவளாவேன்.

குளியலறையில் நடப்பது மட்டும் இன்று எவருக்கும் இரகசியம் இல்லை. மேரியனாக நடித்த, அன்றைய பெரிய நட்சத்திரமான ஜெனட் லீ பாதிப் படத்துக்கு முன்பே கொல்லப்படுவார் என்று 1960இல் அரங்குக்கு வந்தவர்கள் நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்கள். தாமதமாக வருகிறவர்கள் படம் முழுவதும் அவரைத் தேடிக்கொண்டிருக்கக்கூடாது என்பதற்காக, படம் தொடங்கிய பின் ஒருவரையும் உள்ளே விடக்கூடாது என்று ஹிட்ச்கொக் திரையரங்குகளிடம் பிடிவாதமாக நின்றார். அந்த அதிர்ச்சி இனி யாருக்கும் கிடைக்கப்போவதில்லை. எத்தனையோ படங்களும் விளம்பரங்களும் அதைப் போலி செய்து தேய்த்துவிட்டன. "இதுக்கா பெரியம்மா எல்லாரும் அப்பிடிப் பயந்தாங்க?" என்று பிள்ளை கேட்டபோது என்னால் மறுக்க முடியவில்லை.

ஆயினும் அதிலுள்ள கைத்திறன் இன்றும் வியக்க வைக்கிறது. முக்கால் நிமிடமளவே ஓடும் அந்தக் கொலையை எடுக்க ஏழு நாட்கள் பிடித்தன. இரத்தமாக ஓடுவது சொக்லேட் பாகு. கத்தி உடலில் இறங்கும் ஓசைக்கு முலாம்பழத்தைக் குத்தினார்கள். இந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றிருந்த ஹிட்ச்கொக், தந்திக் கருவிகளை மட்டும் வைத்து பேர்னார்ட் ஹேர்மன் அமைத்த அந்த வீறிடலைக் கேட்ட பிறகுதான் மனத்தை மாற்றிக்கொண்டார். தங்கை மகன் சிரித்த அதே நேரத்தில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வாழ்ந்த காலமெல்லாம் திறந்தவெளிப் பீலிக்கரையில் பாவாடையைக் கட்டிக்கொண்டு, யார் வருகிறார்களோ என்று பார்த்துப் பார்த்தே குளித்தவர் அவர். "கதவ சாத்திக்கிட்டுக் குளிச்சாப் பத்திரம்னு நெனச்சோமே" என்று மெதுவாகச் சொன்னார். இந்தக் காட்சியைப் பற்றி நான் கேட்டவற்றுள் இவ்வளவு சரியான சொல் வேறில்லை.

தங்கை மகனைப் பிடித்தது அதற்கு முன்பு வரும் அமைதி. மழையில் காரோட்டும் மேரியனின் முகமும், வைப்பர்கள் துடைக்கத் துடைக்க மங்கும் கண்ணாடியும், எதிரில் வரும் விளக்குகளும் மட்டுமே திரையில் இருக்க, எங்கள் கூரை மழையும் படத்து மழையும் ஒன்றாகிவிட்டன. மூடுபனியில் கடைசி பஸ்ஸில் தனியாக வீடு திரும்பிய எந்தப் பெண்ணுக்கும் அந்தச் சில நிமிடங்களின் பாரம் தெரியும். அதன்பின் வரவேற்பறைக்குப் பின்னாலுள்ள சிறிய கூடத்தில், பஞ்சடைத்து நிறுத்திய பறவைகளுக்கு நடுவே, நோர்மன் அவளுக்குச் சான்ட்விச்சும் பாலும் கொடுத்துப் பேசுகிறான். கூச்சமும் மரியாதையுமாக, சொற்களில் தடுக்கித் தடுக்கிப் பேசுகிறவன், தாயை எங்காவது கொண்டுபோய்ச் சேர்க்கலாமே என்று அவள் சொன்ன மாத்திரத்தில் முன்னால் சாய்கிறான்; குரல் இறுகிவிடுகிறது. நோர்மனாக நடிக்கும் அந்தனி பேர்கின்ஸ் இங்கே கையைக்கூட ஓங்குவதில்லை. ஆனால் தங்கை மகன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எந்திரிச்சுப் போயிரச் சொல்லுங்க பெரியம்மா அவள" என்றான்.

இன்றைய படங்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நம்மைத் துள்ள வைக்கின்றன; துள்ளிய மறுகணம் நாம் மறந்துவிடுகிறோம். இந்தப் படம் செய்வது வேறு. கொலைக்குப் பிறகு நோர்மன் குளியலறையைக் கழுவித் துடைக்கும் நீண்ட பகுதியில் ஏறத்தாழப் பேச்சே இல்லை. மொழிபெயர்க்க ஏதும் இல்லாததால் அம்மா எங்களை விடக் கூர்மையாகப் பார்த்தார். பணத்தைப் பொதிந்து வைத்த செய்தித்தாள் கட்டில் அருகே கிடப்பதை அவர்தான் விடாமல் கவனித்தார். "அந்தப் பேப்பரு, அந்தப் பேப்பர விட்டுட்டான்" என்று அவர் பதறியது, கொலையின் தடயம் மறைய வேண்டுமே என்ற பதற்றமாகவே எனக்குப் பட்டது. பிறகு சேற்றுக் குட்டையில் தள்ளிய கார் பாதி அமிழ்ந்து நின்றுவிடுகிறது. நோர்மன் அங்குமிங்கும் பார்க்கிறான். எங்கள் மூவரின் மூச்சும் நின்றது. கார் மீண்டும் அமிழத் தொடங்கியதும் மூவரும் ஆறுதலாக மூச்சுவிட்டோம். சற்று முன்பு வரை அந்தப் பெண்ணுக்காகத் துடித்த நாங்கள் எப்போது அவன் பக்கம் சாய்ந்தோம் என்று யோசித்தபோதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் படத்தை உயிரோடு வைத்திருப்பது இந்த இடம்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

பிற்பாதியில் குறைகள் உண்டு. மேரியனின் காதலனாக வருபவர் மரம்போல நிற்கிறார். முடிவில் மனநல வைத்தியர் நடந்ததையெல்லாம் பாடம்போல விளக்குவது நீளம். நாமே உணர்ந்ததை அவர் சொல்லிக் கெடுக்கிறார். ஆனால் படிக்கட்டில் ஏறும் துப்பறிவாளரை உச்சியிலிருந்து கமரா நோக்கும் கணத்தில், அதுவரை வீரம் பேசிய பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டான்.

கறுப்பு வெள்ளையை ஒரு குறையாக எவரும் கருத வேண்டாம். 1998இல் கஸ் வான் சான்ட் ஏறத்தாழ காட்சிக்குக் காட்சி இதையே வண்ணத்தில் எடுத்தார். அதில் இந்த இருள் இல்லை. பார்க்க விரும்புவோர் 109 நிமிடங்களையும் இடைவேளையின்றி, இரவில், நல்ல ஒலியுடன் பாருங்கள். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் அந்தத் தந்திக் கருவிகள் கொசு ரீங்காரமாகிவிடும்.

இரண்டு நாள் கழித்துத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று, "அந்தக் காசு கடைசில யாருக்குக் கெடச்சுச்சு?" என்று கேட்டார். படத்தின் தொடக்கத்தில் அவ்வளவு பெரிதாக இருந்த 40,000 டொலரை நானும் தங்கை மகனும் குட்டையோடு மறந்தே போயிருந்தோம்.