பிளேடா, பைக்கா, வார்பேண்டா: பன்னிரண்டு அட்டைக்குள் ஒரு கணக்கு

பண்டைக்காலப் போர்களைப் பொம்மைப் படைகளாலும் பகடையாலும் மேசையில் நடத்தும் டிபிஏ (DBA) விளையாட்டை விளையாடத் தொடங்கும் பலர் முதலில் சொல்லும் புகார்: "ரோமானியப் படையை எடுத்தவன்தான் ஜெயிக்கிறான்." விதிப் பட்டியலைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். காலாளுக்கு எதிராக பிளேடுக்கு (வாள் வீரர்கள், ரோமானியப் படையின் முதுகெலும்பு) +5, ஸ்பியருக்கு (ஈட்டி வீரர்கள்) +4, பைக் (மிக நீண்ட ஈட்டி), வார்பேண்ட் (மூர்க்கமாகப் பாயும் இனக்குழு வீரர்கள்), ஆக்ஸிலியா (இலகுவான காலாள்) மூன்றுக்கும் +3. ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு எலிமென்ட். ஒவ்வொன்றும் ஒரு சின்ன அட்டையில் ஒட்டிய சில பொம்மைகள், அவ்வளவுதான். இதன் பெரிய வடிவமான டிபிஎம் (DBM) போல் இங்கே விலைப் புள்ளிகள் இல்லை. பலவீனமான அட்டையும் பலமான அட்டையும் ஒரே எண்ணிக்கைதான். அப்புறம் ஏன் ஒருவர் +3 அட்டையை எடுக்க வேண்டும்?

பைக்கை முதலில் பார்ப்போம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு பைக்கை அடுக்கினால் பின்வரிசை +3 சேர்க்கும், மொத்தம் +6. மோதலில் இரு பக்கமும் ஆளுக்கொரு பகடை உருட்டி இந்த எண்ணோடு கூட்டும். பிளேடின் +5-க்கு எதிராகப் பகடையின் 36 சேர்க்கைகளில் 21-ல் பைக் வெல்கிறது, 10-ல்தான் பிளேடு. தோற்றவரின் மொத்தம் வென்றவருடையதில் பாதி அல்லது அதற்கும் கீழே போனால்தான் சாவு, இல்லாவிட்டால் பின்வாங்கல். நேருக்கு நேர் மோதலில் பிளேடால் பைக்கைக் கொல்லவே முடியாது. ஆனால் இரண்டு அட்டை செலவழித்துக் கிடைப்பது ஒரே அட்டை அகலம். எட்டு பைக் வைத்தவரின் வரிசை நான்கு அகலம்தான். எதிரில் எட்டு பிளேடு இருந்தால் எட்டு அகலம். ஓரத்தில் இருக்கும் பைக்கின் பக்கவாட்டில் ஒரு பிளேடு வந்து நின்றாலே −1: ஐந்துக்கு ஐந்து, சரிசமம். இரு பக்கமும் மாட்டிக்கொண்டால் கணக்கு அப்படியே தலைகீழ். 21 பிளேடுக்கு, 10 பைக்குக்கு.

இது விதி எழுதியவர்களின் கற்பனை இல்லை. மாசிடோனியரின் பைக் வரிசைக்கு எதிரே ஒவ்வொரு ரோமானிய வீரனும் பத்து ஈட்டி முனைகளை எதிர்கொள்ள வேண்டியிருந்தது என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். அதே பொலிபியஸ், அந்த ஃபாலன்க்ஸுக்கு (நெருக்கமான பைக் அணிவகுப்பு) சமதளம் கட்டாயம் என்றும் சொல்கிறார். கி.மு. 197-ல் கினோஸ்கெஃபாலேயில் மாசிடோனிய வலப்பக்கம் ரோமானியர்களை மலைச்சரிவில் தள்ளிக்கொண்டே போனது. பெயர் தெரியாத ஒரு ரோமானிய ட்ரிப்யூன் (படை அதிகாரி) இருபது மேனிப்பிள்களை (சிறு படைப்பிரிவுகள்) பிரித்துக் கொண்டுபோய் அதன் முதுகில் அடித்தார், கதை முடிந்தது. கி.மு. 168-ல் பிட்னாவில் தரை ஏறி இறங்க, வரிசையில் விரிசல் விழுந்து, ரோமானியர்கள் சிறு சிறு குழுக்களாக உள்ளே புகுந்தார்கள். மேசையில் இது இன்னும் கொடூரம். கரடுமுரடான நிலத்தில் பின்வரிசை ஆதரவு போய்விடும், அதோடு −2. ஆறாக இருந்தது ஒன்றாகிவிடும். என்னைக் கேட்டால் இந்த விதிகளிலேயே மிக நேர்த்தியாகச் சமன் செய்யப்பட்ட மோதல் இதுதான்.

வார்பேண்ட் வேறு ரகம். +3 என்றதும் ஏளனமாகப் பார்ப்பார்கள். ஆனால் சமதளத்தில் வார்பேண்ட் ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்றாலும் எதிரே உள்ள பிளேடு செத்துவிடும். பாதிக் கணக்கெல்லாம் கிடையாது. ஒற்றை வார்பேண்டும் ஒற்றை பிளேடும் மோதினால் 36-ல் 6 முறை பிளேடு சாகிறது, 6 முறை வார்பேண்ட் சாகிறது. முதல்முறை இதைக் காகிதத்தில் போட்டபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. பின்னால் இன்னொன்றை அடுக்கினால் +1 கிடைத்து 10-க்கு 2. கி.மு. 57-ல் சாபிஸ் ஆற்றங்கரையில் கால் (Gaul) நாட்டு நெர்வி இன வீரர்கள் பாய்ந்து வந்த வேகத்தில் சீசரே ஒரு வீரனின் கேடயத்தை வாங்கிக்கொண்டு முன்வரிசைக்கு ஓடினார். அந்தப் பதற்றம் பகடையில் அப்படியே இருக்கிறது. ரோமானியரை எடுத்தவன்தான் ஜெயிக்கிறான் என்பவரிடம் வார்பேண்ட் நிறைந்த கால் நாட்டுப் படையைக் கொடுத்துப் பாருங்கள்.

அப்போது குறை எங்கே? ஆக்ஸிலியாவில். வார்பேண்டைப் போலவே +3, ஆனால் அந்தக் கொல்லும் சலுகை இல்லை. திறந்த வெளியில் பிளேடோடு மோதினால் 6 முறை சாகும், 6 முறை வெல்லும். வென்றும் ஒன்றையும் கொல்ல முடியாது. காடு, மேடு என்றால் பிளேடும் மூன்றுக்கு இறங்கிச் சமமாகும். ஆனால் சாமர்த்தியமான எதிரி அங்கே வரவே மாட்டார். ஸ்பானிய வீரர்களை இந்த வகையில் அடைத்ததுதான் எனக்கு உறுத்தல். கி.மு. 216-ல் ரோமானியருக்கு எதிரான கன்னே போரில் அவர்கள் கால் நாட்டவரோடு நடுவரிசையில் நின்று, பின்வாங்கிப் பின்வாங்கி, கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலின் பொறி மூடும்வரை தாக்குப்பிடித்தவர்கள்.

பலர் சொல்லும் மருந்து, ஆக்ஸிலியாவை +4 ஆக்குவது. நாங்களும் செய்து பார்த்தோம். சமவெளியில் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் காட்டுக்குள் பிளேடை அடித்து நொறுக்கியது. பைக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், நான்குக்கு ஒன்று. அப்புறம் +3-ஐயே வைத்துக்கொண்டு, திறந்த வெளியில் பிளேடிடம் பாதிக்குக் கீழே தோற்றாலும் சாகாமல் பின்வாங்கும் என்று மாற்றினோம். கன்னேயில் நடந்தது மேசையில் கிடைத்தது. கூடவே, ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய ஆட்டம் இரண்டு மணி நேரம் இழுத்தது. ரோமானியரை வைத்திருந்த நண்பர் பகடையை மூடி வைத்துவிட்டு டீ போடப் போய்விட்டார். இப்போது பழைய விதிக்கே திரும்பிவிட்டோம். ஸ்பானியரை எடுப்பவருக்கு மேசையில் கூடுதலாக ஒரு குன்று வைக்கும் உரிமை மட்டும் உண்டு.