கைத்தையல் கண்காட்சி: எதை அங்கே வாங்கலாம், எதை ஆன்லைனுக்கு விடலாம்?

கைத்தையல் கண்காட்சிக்குள் நுழைந்ததும் முதலில் இழுப்பது நூல் அடுக்குகள்தான். கையிலிருக்கும் பணத்தில் பாதி அங்கேயே கரைந்துவிடும். ஆனால் அந்த அடுக்கில் இருப்பதில் பெரும்பகுதியை வீட்டிலிருந்தே ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாம். தொட்டுப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்க வேண்டியவற்றுக்குத்தான் கண்காட்சி என்பது என் கட்சி.

டிஎம்சி, ஆங்கர் பிராண்டுகளின் ஆறு இழைப் பருத்தி நூல் 8 மீட்டர் கண்டாக வருகிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண். டிஎம்சியில் 310 என்றால் கறுப்பு. ஆங்கரில் அதே கறுப்புக்கு 403. எண் தெரிந்துவிட்டால் மொபைல் திரையில் நிறம் எப்படித் தெரிந்தாலும் கவலையில்லை. அதனால் இந்த வகைக்கு ஆன்லைனே போதும்.

கையால் சாயமேற்றிய நூல் அப்படியில்லை. ஒரே கண்டில் இளம்பச்சை தொடங்கி அடர்பச்சை வரை ஓடும். ஒரு தொட்டிச் சாயம் அடுத்த தொட்டியோடு அச்சாக ஒத்துப்போகாது. போட்டோவில் பார்த்து வாங்கினால் ஏமாற்றத்துக்கு இடமுண்டு. இதைக் கண்காட்சியில்தான் வாங்க வேண்டும், அதுவும் ஒரு வேலைக்குத் தேவையான அத்தனை கண்டையும் ஒரே நேரத்தில், ஒரே தொட்டியிலிருந்து. அரங்கத்து விளக்கை நம்பாதீர்கள். அங்கே சாம்பலாகத் தெரிவது பகல் வெளிச்சத்தில் ஊதாவாக மாறலாம். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்க்கக் கடைக்காரரிடம் கேளுங்கள். நனைந்தால் சாயம் போகுமா என்றும் கேட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தினால் உண்மை தெரிந்துவிடும். அப்புறம், இந்த நூலில் கிராஸ் ஸ்டிச் (பெருக்கல் குறி வடிவத் தையல்) போடும்போது ஒவ்வொரு குறுக்கையும் முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். வரிசை முழுக்க அரைக் குறுக்காகப் போய்த் திரும்பி வந்தால், ஓட வேண்டிய நிறம் புள்ளி புள்ளியாகச் சிதறிவிடும்.

ரேயான் நூல் பளபளக்கும், கையில் நிற்காமல் வழுக்கும். ஜரிகை நூல் சீக்கிரம் பிரியும். சிறு சிறு துண்டாக வெட்டித்தான் தைக்க வேண்டும். இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கிப் பழகிப் பார்த்தால் போதும்.

கண்காட்சியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் துணிக் கடை. ஐடா துணியா லினனா என்பதுதான் அங்கே பெரிய போட்டி. ஐடாவில் கட்டங்கள் தெளிவாகத் தெரியும், ஓட்டை தேட வேண்டாம். 14 கவுண்ட் என்றால் அங்குலத்துக்கு 14 தையல். லினனில் 28 கவுண்ட் (அங்குலத்துக்கு 28 இழை) வாங்கி இரண்டு இழைக்கு ஒன்றாகத் தைத்தாலும் அதே 14 தையல்தான் வரும், ஆனால் துணி மெத்தென்று விழும், தைக்காமல் விட்ட இடமும் அழகாக இருக்கும். புதிதாகப் பழகுபவருக்கு ஐடா. கை பழகியவர் சுவரில் மாட்டப்போகும் வேலைக்கு நான் யோசிக்காமல் லினன் என்பேன். ஐடாவை கவுண்ட் பார்த்து ஆன்லைனில் வாங்கலாம். லினனைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் அதன் இழைகள் ஒரே பருமனாக இருப்பதில்லை.

மலிவாகக் கிடைக்கும் துண்டுத் துணிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. அளவுகோலை வைத்து ஓர் அங்குலத்தில் எத்தனை இழை என்று நீளவாக்கிலும் அகலவாக்கிலும் எண்ணுங்கள். ஒரு பக்கம் 28, மறுபக்கம் 25 என்று வந்தால் வைத்துவிடுங்கள். வட்டமாகத் தைத்த பூ முட்டை வடிவமாகிவிடும். அளவையும் முன்கூட்டியே கணக்குப் போட்டு வாருங்கள். 140-க்கு 112 தையல் உள்ள படம் (கட்டம் கட்டமாகக் குறித்த தையல் மாதிரி), 14 கவுண்டில் 10-க்கு 8 அங்குலம். நான்கு பக்கமும் 3 அங்குலம் விட்டால் 16-க்கு 14 அங்குலத் துணி வேண்டும்.

ஊசியில் எண் கூடக்கூட ஊசி மெலியும். 14 கவுண்டுக்கு முனை மழுங்கிய 24-ஆம் நம்பர் சரியாக இருக்கும். எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். கத்தரிக்கோல் மட்டும் நேரில். கடைக்காரர் அனுமதித்தால் நுனியால் மட்டும் ஒரு நூலை வெட்டிப் பாருங்கள், நசுக்கினால் வேண்டாம். துணியை இறுக்கிப் பிடிக்கும் மர வளையத்தில் இரண்டு வட்டங்களுக்கும் இடையே இடைவெளி தெரியாமல் இறுக வேண்டும்.

துணி, நூல், ஊசி, படம் எல்லாம் சேர்ந்த கிட் பரிசு கொடுக்க வசதி. உங்களுக்கே என்றால் வெறும் படத்தை வாங்குங்கள். அதிலும் கட்டக் குறியீடுகள் கண்ணை இடுக்காமல் படிக்க முடிகிறதா, நூல் எண்கள் அச்சாகியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். எண் இருந்தால் நூல் தீர்ந்தாலும் ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாம்.