சாட்டின் நெக்கா, கிளாஸி நெக்கா: டெல்டா வேர்வையில பல வருஷம் வாசிச்ச அனுபவம்

கும்பகோணத்துல இருக்கேன், கோயில் திருவிழா, கல்யாணம், சர்ச் விசேஷம்னு மெல்லிசைக் குழுவுல கிட்டார் வாசிக்கிறேன். கையில ரெண்டு எலக்ட்ரிக் கிட்டார் இருக்கு. ஒண்ணு 2016ல வாங்குனது, மேப்பிள் மரத்துல நெக் (எடது கை பிடிக்கிற நீளமான கழுத்துப் பகுதி), அதோட முதுகுப்பக்கம் மூஞ்சி தெரியுற அளவுக்கு மினுமினுக்குற கிளாஸி பூச்சு. இன்னொண்ணு 2019ல வாங்குனது, அதுவும் மேப்பிள்தான், ஆனா சாட்டின், அதாவது மினுக்கில்லாத மங்கலான பூச்சு. ரெண்டுலயும் கம்பிய அழுத்துற முன்பக்கப் பலகை, அதாவது ஃபிங்கர்போர்டு, ரோஸ்வுட், அதுல பூச்சு கிடையாது, அதனால நான் பேசப் போறது முழுக்க கட்டைவிரல் போய் உக்காருற அந்தப் பின்பக்கத்தப் பத்தித்தான். கடையில அஞ்சு நிமிஷம் வாசிச்சுப் பாத்து முடிவு பண்றவங்க தயவுசெஞ்சு கொஞ்சம் படிங்க, ஏன்னா அந்த அஞ்சு நிமிஷம் ஏசி ரூம்ல காஞ்ச கையோட நடக்குது.

என் கிளாஸி நெக் வீட்டுல வாசிக்கிறப்ப வெண்ணெய் மாதிரி ஓடும், ஒரு வருஷம் அதுமேல எந்தக் குறையும் எனக்குத் தெரியல. அடுத்த சித்திரையில திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழா. சாயங்காலம் ஏழு மணிக்கும் காத்து துளிகூட இல்ல, தலைக்கு மேல ரெண்டு ஹாலஜன் லைட்டு, அது கீழ ஈசல் மாதிரி பூச்சிக் கூட்டம். நாலாவது பாட்டு வேகமான பாட்டு, 2வது ஃப்ரெட்லேந்து (ஃபிங்கர்போர்டுல குறுக்க பதிச்ச உலோகப் பட்டைதான் ஃப்ரெட்) 9வது ஃப்ரெட்டுக்கு, ஒரு விரலால கம்பி எல்லாத்தையும் சேத்து அழுத்துற பார் கார்டு பிடிச்சபடியே ஒரே இழுவையா ஏறணும். கை ஏறல. கட்டைவிரல் நெக்குல ஒட்டிக்கிட்டு விட்டு விட்டு ஜெர்க் ஜெர்க்கா போவுது, கார்டு போய்ச் சேர்றப்ப தபேலா அடுத்த சுத்துக்குப் போயிடுச்சு. கீபோர்டு அண்ணன் திரும்பி ஒரு பார்வை பாத்தாரு. அன்னைக்கு இடைவேளையில கைய கழுவி துண்டுல தொடச்சு பவுடர் போட்டேன், பத்து நிமிஷம் தாங்குச்சு, அப்பறம் பவுடரும் வேர்வையும் சேந்து மாவு பிசைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. பவுடர் போடாதீங்க.

ஏன் ஒட்டுதுன்னு அப்பறம்தான் உக்காந்து யோசிச்சேன். முழுசா நனைஞ்ச கை வழுக்கும், காஞ்ச கை ஓடும், நடுவுல பிசுபிசுன்னு இருக்குற கைதான் ஒட்டும், நம்ம ஊர்ல மாசியிலேந்து ஆவணி வரைக்கும் கை பெரும்பாலும் அந்த நடு நிலைமையிலதான் இருக்கு. கிளாஸி மேற்பரப்பு வழவழன்னு இருக்குறதால தோல் முழுசா அதுமேல படியுது, நடுவுல லேசா ஈரம் இருந்தா ரெண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவுல தண்ணி விட்ட கததான். சாட்டின்ங்குறது வேற ஏதோ பொருள்னு நெனச்சிட்டிருந்தேன், அப்படி இல்ல, பெரும்பாலும் அதே பாலியூரித்தேன்தான், அதுல நைசான சிலிகா மாதிரி மேட் ஆக்குற பவுடர் கலந்து அடிக்கிறாங்க, மேல கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு வந்துடுது, வெளிச்சம் சிதறுறதால மங்கலா தெரியுது, தோலும் அந்த மேடுங்க மேல மட்டும்தான் படுது. அதனாலதான் ஓடுது. வீணை வாசிக்கிறவங்க எடது கை விரல்ல லேசா தேங்காண்ணெ தொட்டுக்கிறத தஞ்சாவூர்ல பாத்திருக்கேன், விரல் ஓடணும்ங்குற தேவை ஒண்ணுதான், ஆனா கிட்டார்ல எண்ணெய் தொட்டா ஸ்ட்ரிங்க தள்ளி வளைச்சு சுருதி ஏத்துற பெண்ட் பண்ணவே முடியாது, அந்த வழி நமக்கு இல்ல.

2019ல சாட்டின் வாங்குனேன். மொத வருஷம் சொர்க்கம். எந்தக் கச்சேரியிலயும் கை நிக்கல, வேர்வையப் பத்தி நெனப்பே வரல. பாக்குறவங்க எல்லாருக்கும் சாட்டின்தான் வாங்கச் சொன்னேன், அப்படி ரெண்டு பேர வாங்கவும் வச்சிட்டேன்.

ரெண்டாவது வருஷத்துலதான் 3வது ஃப்ரெட்லேந்து 7வது ஃப்ரெட் வரைக்கும் பின்னாடி ஒரு மினுமினுப்பு ஏற ஆரம்பிச்சுது. கோயில் தூண்ல இருக்குற யாளி மூக்கு மட்டும் போறவங்க வர்றவங்க கை பட்டு பளபளன்னு இருக்கும்ல, அதேதான். கட்டைவிரல் தேச்சுத் தேச்சு அந்தச் சின்ன மேடெல்லாம் மழுங்கிடுது, மழுங்குன எடம் கிளாஸி ஆயிடுது. முழுசா ஆனாலும் பரவால்ல, திட்டுத் திட்டா ஆவுது. கை சாட்டின்லேந்து கிளம்பி நடுவுல கிளாஸி மேல ஏறி மறுபடி சாட்டின்ல எறங்குது, ஒரே ஸ்லைடுல ரெண்டு வேகம், இது முழு கிளாஸிய விட எனக்கு மோசமா பட்டுச்சு. அது போதாதுன்னு அந்தச் சொரசொரப்புல அழுக்கும் போய் உக்காருது. வேர்வை, தூசி, ஸ்ட்ரிங்கோட துரு எல்லாம் சேந்து மேப்பிள் ஓரமெல்லாம் சாம்பல் கலர்ல ஒரு படலம். லைட்டர் பெட்ரோல பஞ்சுல தொட்டுத் தொடச்சா பாதி போவுது, மீதி போவல. ஒரு கடையில கொண்டுபோய்க் கேட்டதுக்கு மெழுகு தேச்சுக் குடுத்தாங்க, ஒரு வாரம்கூட ஆவல, மெழுகுமேலயே அழுக்குப் பிடிச்சு முன்ன இருந்தத விட கருத்துப் போச்சு.

அந்த நேரத்துலதான் என் பழைய கிளாஸிய மறுபடி கையில எடுத்தேன், எடுத்தப்ப கஜா ஞாபகம் வந்துச்சு. 2018 நவம்பர்ல புயல் அடிச்சப்ப அந்தக் கிட்டார் பட்டுக்கோட்டை பக்கம் எங்க அக்கா வீட்டுல இருந்துச்சு. ஓடு பறந்து, பை முழுக்க நனைஞ்சு, பல நாள் கரண்ட் இல்லாத வீட்டுல அப்படியே கெடந்துச்சு. நான் போய் எடுத்தப்ப ஸ்ட்ரிங் ஆறும் செங்கல் கலர்ல துரு, ட்யூனர் ஸ்க்ரூவெல்லாம் துரு, பை பூஞ்சை. நெக்க மட்டும் ஒரு பழைய வேட்டித் துணியால தொடச்சேன், அப்படியே புதுசு மாதிரி நின்னுச்சு. நெக்கோட வளைவச் சரி பண்ண உள்ள இருக்குற ட்ரஸ் ராட லேசா ஒரு கால் சுத்து, அவ்வளவுதான் வேலை. தஞ்சாவூர்ல வீணை செய்யுற ஆசாரி ஒருத்தர்கிட்ட இதச் சொன்னப்ப, பலா மரத்துண்ட தட்டிக்கிட்டே சொன்னாரு, "தம்பி, பாலிஷு பாக்குறதுக்கு மட்டும்னு நெனச்சிக்கிறாங்க, மரம் தண்ணி குடிக்காம இருக்கத்தான் மொதல்ல அடிக்கிறோம்." எந்தப் பூச்சும் ஈரத்த முழுசா நிறுத்தாது, மெதுவாக்கும், அவ்வளவுதான், ஆனா ஐப்பசி கார்த்திகை மழையில அந்த மெதுவாக்குறது எவ்வளவு பெரிய உதவின்னு இங்க இருக்குறவங்களுக்குத் தெரியும். என் சாட்டின்ல பூச்சு மெல்லிசு, ஒரு தடவ ஸ்டாண்டுலேந்து விழுந்து ஒரு எடத்துல பேந்து மரம் தெரிஞ்சுது, அடுத்த மழைக்குள்ள அந்தக் காயத்தச் சுத்தி கருப்பா ஓடிருச்சு.

அதனால 2022ல ஒரு முடிவுக்கு வந்தேன், கிளாஸி நெக்கோட பின்பக்கத்த மட்டும் நானே மங்கலாக்குறதுன்னு. கார் பெயிண்ட் சாமான் விக்கிற கடையில சாம்பல் கலர் ஸ்காட்ச் பிரைட் (தேய்க்கிற நார்) கெடைக்கும், அத வாங்குங்க, வீட்டுல பாத்திரம் தேய்க்கிற பச்சை கலர எடுத்துடாதீங்க, அது கோடு போட்டுடும். ட்யூனர் இருக்குற நுனியான ஹெட்ஸ்டாக் பக்கமும் பாடியில சேர்ற எடத்துலயும் மாஸ்கிங் டேப் ஒட்டுனேன், ஃபிங்கர்போர்டு ஓரத்துலயும் ஒரு வரி. அப்பறம் நீளவாக்குல மட்டும், அழுத்தாம, ஒரே திசையில தேச்சேன். இருவது இருவத்தஞ்சு இழுப்புலயே மினுக்கு செத்துடுச்சு. குறுக்க தேய்க்கக் கூடாது, கை போற திசையிலதான் கோடு இருக்கணும். சில பேரு நாலு ஜீரோ ஸ்டீல் வூல் வச்சுத் தேய்ப்பாங்க, அதுவும் நல்லாத்தான் வரும், ஆனா அந்த இரும்புத் தூள் பறந்து கம்பி அதிர்வ மின்சார சிக்னலா மாத்துற பிக்கப்போட காந்தத்துல ஒட்டிக்கும், நெக்கக் கழட்டித் தனியா வச்சுக்கிட்டா மட்டும் அதத் தொடுங்க. டேப்ப உரிச்சப்ப மினுக்கும் மங்கலும் சேர்ற எடத்துல மெலிசா ஒரு கோடு தெரிஞ்சுது, இன்னைக்கும் தெரியுது, எனக்கு அது பிடிச்சிருக்கு.

இத நைட்ரோ லாக்கர்ங்குற பழைய வகைப் பூச்சு அடிச்ச கிட்டார்ல செய்யாதீங்க. 1950கள்ல ஃபெண்டர் மாதிரி கிட்டார் கம்பெனிலாம் அந்தப் பூச்சுதான் அடிச்சாங்க, ரொம்ப மெல்லிசா இருக்கும், தேய்க்க ஆரம்பிச்சா மரம் வரைக்கும் போயிடும். எண்ணெய் மெழுகு மட்டும் தேச்ச நெக்கும் இருக்கு, மியூசிக் மேன் கம்பெனி நெக்குங்க பலதும் அப்படி வருது, கைக்கு அதவிட சுகம் எதுவும் கெடையாதுன்னு ஒரு நண்பரோடத வாசிச்சப்ப தோணுச்சு. ஆனா அவரு வருஷத்துக்கு ரெண்டு தடவ சுத்தம் பண்ணி மறுபடி எண்ணெய் வைக்கிறாரு, நாகப்பட்டினம் மாதிரி கடலோரத்துல அந்தப் பொறுமை இல்லாதவங்க அது பக்கம் போக வேண்டாம். சத்தம் மாறுமான்னு நெறைய பேரு கேக்குறாங்க, மங்கலாக்குறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ரெக்கார்டு பண்ணிக் கேட்டேன், என் காதுக்கு ஒரு வித்தியாசமும் கெடையாது.

இப்ப வாங்கப் போறவங்க என்கிட்ட கேட்டா, கிளாஸி வாங்குங்க, அடுத்த நாளே பின்பக்கத்தத் தேச்சுடுங்கன்னுதான் சொல்றேன். கிளாஸிய ஒரு சாயங்காலத்துல சாட்டின் ஆக்கலாம், கட்டைவிரல் பட்டு மறுபடி மினுங்குச்சுன்னா மறுபடி பத்து இழுப்பு, அடியில தடிமனான பூச்சு இருக்குறதால பல வருஷம் இப்படியே ஓட்டலாம். திட்டுப் பிடிச்ச மெல்லிசு சாட்டின்ல அந்த வசதி இல்ல, நான் ஒரு தடவ முயற்சி பண்ணி 5வது ஃப்ரெட் கிட்ட மரம் எட்டிப் பாக்க ஆரம்பிச்சதும் நிறுத்திட்டேன். கை வேர்க்காதவங்க, வீட்டுல ஃபேன் கீழ மட்டும் வாசிக்கிறவங்க சாட்டினே வாங்கலாம், அவங்களுக்கு அது நாலஞ்சு வருஷம் தாராளமா வரும். நான் சாட்டின் வாங்க வச்ச அந்த ரெண்டு பேருல ஒருத்தரு அப்படித்தான், இன்னும் சந்தோஷமா வாசிக்கிறாரு. இன்னொருத்தரு என்கூட திருவிழா சுத்துறவரு, அவரு நெக்குல இப்ப நடுவுல ஒரு சாண் நீளத்துக்கு மினுக்கு, அத முழுசா உரிச்சு புதுசா பூச்சு அடிச்சுத் தர்றேன்னு சொல்லிருக்கேன், ஆகஸ்ட் கடைசியில வேளாங்கண்ணி கொடியேத்தத்துக்குள்ள முடிச்சுக் குடுக்கணும்.