சேலத்திலிருந்து கம்யூனிட்டி காலேஜ்: ஐஇஎல்டிஎஸ், டோஃபெல், டுயோலிங்கோ, அல்லது தேர்வே இல்லாமல்?

அமெரிக்காவில் நேராக நான்கு வருடப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படிக்கவைக்கும் வசதி எல்லாக் குடும்பத்துக்கும் இல்லை. முதல் இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டு வருடக் கல்லூரி, அங்கே அசோசியேட் டிகிரி என்ற இரண்டு வருடப் பட்டம், பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறி மூன்றாம் வருடம் என்பது நல்ல வழி. இதில் சேர ஆங்கிலத் திறனைக் காட்டவேண்டும்; அதற்கான தேர்வுகள்தான் ஐஇஎல்டிஎஸ், டோஃபெல், டுயோலிங்கோ. ஆனால் சேலத்தில் ஐந்து ரோட்டிலும் ஃபேர்லேண்ட்ஸிலும் ஆலோசனை கேட்டு வரும் பெற்றோர் பலர் "எந்தப் பரீட்சை ஈஸி?" என்ற ஒரே கேள்வியோடு நிற்கிறார்கள். பிள்ளை எந்த வீட்டில் உட்கார்ந்து எழுதப்போகிறது, யாரிடம் பேசினால் அதற்கு வாய் திறக்கும், இரண்டு வருடம் கழித்து எங்கே போகப்போகிறது என்பதைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்லவே கூடாது.

முதலில், எவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்பது. கம்யூனிட்டி காலேஜ்கள் பலவற்றில் டோஃபெல் 120க்கு 45 முதல் 61 வரை, ஐஇஎல்டிஎஸ் 5 முதல் 6 வரை, டுயோலிங்கோ 160க்கு 75 முதல் 95 வரை இருந்தால் போதும். கல்லூரிக்குக் கல்லூரி இது மாறும். ஒப்பிட்டுப் பாருங்கள்: கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் முதலாண்டிலேயே சேர்வதென்றால் டோஃபெல் 80 அல்லது ஐஇஎல்டிஎஸ் 6.5 வேண்டும். அதனால் கம்யூனிட்டி காலேஜுக்கு ஐஇஎல்டிஎஸ்ஸில் ஏழரை, எட்டு என்று பெரிய பேண்டுக்காக (மதிப்பெண்ணுக்காக) ஆறு மாதம் கோச்சிங் கட்டணம் கட்டத் தேவையில்லை. டோஃபெலில் மட்டும் ஒன்று கவனிக்கவேண்டும். 2026 ஜனவரியிலிருந்து 1 முதல் 6 வரை என்ற புதிய அளவுகோல் வந்திருக்கிறது. மாற்றக் காலத்துக்காகப் பழைய 120 கணக்கும் சேர்ந்தே வரும். அண்ணன் படித்த பழைய புத்தகத்தை வைத்துத் தம்பி படிக்கவேண்டாம்.

பணத்தில் டுயோலிங்கோவை மற்றவை நெருங்கவே முடியாது. ஐஇஎல்டிஎஸ்ஸும் டோஃபெலும் நம் ஊரில் பதினேழு, பதினெட்டாயிரம் ரூபாய் அளவில் வருகின்றன. டுயோலிங்கோ அதில் பாதிகூட இல்லை. ஒரு மணி நேரத் தேர்வு, இரண்டு நாளில் முடிவு, எத்தனை கல்லூரிக்கு அனுப்பினாலும் தனிக் கட்டணம் கிடையாது. இணையத்தில் இலவச மாதிரித் தேர்வும் உண்டு. வீட்டிலேயே கணினியில் எழுதலாம் என்பதால் கோவைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறவேண்டியதும் இல்லை.

இவ்வளவும் உண்மை. ஆனால் சேலம் பக்கத்து இளம்பிள்ளை ஊரில் வீட்டோடு தறி ஓடும் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்த "வீட்டிலேயே எழுதலாம்" என்பது உதவியே இல்லாமல் போகலாம். அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது, ஹெட்போன் போடக்கூடாது, கேமரா முழு நேரமும் ஓடும், பார்வை திரையை விட்டு அடிக்கடி விலகக்கூடாது. பக்கத்து அறையில் பவர்லூம் அடித்துக்கொண்டிருந்தால் மைக்கில் என்ன பதிவாகும்? தறியை ஒரு மணி நேரம் நிறுத்தலாம், பக்கத்து வீட்டுத் தறியை யார் நிறுத்துவது? ஏற்காட்டில் சித்தப்பா வீடு அமைதியாக இருக்கிறது என்று மேலே போனால், மழைக்காலத்தில் கம்பி மேல் கிளை விழுந்து கரண்ட் போய்விடும். இன்வெர்ட்டரும், நல்ல இணைப்பும், கதவைத் தாழ்போடக்கூடிய ஒரு அறையும் உள்ளவர்களுக்கே இது மலிவான தேர்வு. அது அமையாத பிள்ளையைத் தேர்வு மையத்துக்கு அனுப்புவதுதான் நியாயம்.

அடுத்தது பேச்சு. எனக்கு இதுதான் முக்கியமான வித்தியாசம். ஐஇஎல்டிஎஸ்ஸில் எதிரே ஒரு ஆள் இருப்பார். நேரிலோ வீடியோ வழியாகவோ, 11 முதல் 14 நிமிடம். கேள்வி காதில் விழாவிட்டால் மறுபடி கேட்கலாம். ஒரு தலைப்புக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்கவிட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். டோஃபெலிலும் டுயோலிங்கோவிலும் மைக்கிடம்தான் பேசவேண்டும். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், தலையாட்ட ஆள் இல்லை. அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்த பிள்ளைகளில் இரண்டு வகையையும் பார்க்கிறேன். எதிரே ஆள் உட்கார்ந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் பிள்ளை கணினியிடம் தாராளமாகப் பேசும். மனித முகம் தெரிந்தால்தான் வார்த்தை வரும் பிள்ளை மைக் முன்னால் கல்லாய் உட்காரும். உங்கள் பிள்ளை எந்த வகை என்பது கன்சல்டன்ட்டுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். ஒலிப்பதிவைக் கேட்டுப் பதில் சொல்லும் பகுதியிலும் வேறுபாடு உண்டு. ஐஇஎல்டிஎஸ்ஸில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய உச்சரிப்பெல்லாம் கலந்து வரும், ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும்.

போகும் நாடு அமெரிக்காதான் என்று முடிவாகவில்லையா? அப்படியானால் டுயோலிங்கோவை மட்டும் நம்பாதீர்கள். ஆஸ்திரேலிய மாணவர் விசாவுக்கு அது செல்லாது. ஐஇஎல்டிஎஸ் எழுதிவைத்தால் இரண்டு வருடத்துக்குப் பல நாட்டுக் கதவுகள் திறந்திருக்கும்.

நான்காவது ஒரு வழியும் சொல்கிறார்கள்: தேர்வே எழுதவேண்டாம், அங்கே போய் இ.எஸ்.எல். வகுப்பில் (ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கான ஆங்கில வகுப்பில்) சேர்ந்துகொள்ளலாம் என்று. பொய் இல்லை. பல கம்யூனிட்டி காலேஜ்கள் மதிப்பெண் இல்லாமலும் எடுத்துக்கொண்டு, தாங்களே ஒரு பிளேஸ்மென்ட் தேர்வு (எந்த நிலை வகுப்பு என்று பார்க்கும் தேர்வு) வைத்து, ஆங்கில வகுப்பில் உட்காரவைக்கின்றன. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கலிபோர்னியாவில் அந்த மாநிலத்து மாணவருக்கு ஒரு யூனிட் (பாட அளவைக் கணக்கிடும் கிரெடிட்) 46 டாலர். நம் பிள்ளைக்கு அதைப்போலப் பல மடங்கு. 350 டாலர் என்றே வைத்தாலும் 4 யூனிட் வகுப்பு ஒன்றுக்கு 1,400 டாலர், நம் பணத்தில் லட்சத்துக்கு மேல். அந்த வகுப்புகள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது கணக்கில் வராது. எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு செமஸ்டருக்கு 12 யூனிட் எடுத்தாகவேண்டும் என்பதால் வேகத்தைக் குறைத்துப் பணத்தை மிச்சப்படுத்தவும் முடியாது. இரண்டு வருடம் இரண்டரையாகும், மூன்றாகும். தங்குமிடம், சாப்பாடு தனி. தேர்வுக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க லட்சங்களை விடுகிற வழியைக் "சுலபம்" என்று விற்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது. இன்னொன்று: விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்திலேயே ஆங்கிலத் தகுதி பற்றி ஒரு குறிப்பு இருக்கும். இன்னும் தேர்ச்சி இல்லை, கல்லூரியே கற்பிக்கும் என்று அதில் இருந்தால், சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா அதிகாரி முன்னால் அதைப் பிள்ளைதான் ஆங்கிலத்தில் விளக்கவேண்டும்.

இங்கிலீஷ் மீடியத்தில் படித்ததற்குப் பள்ளியில் சான்றிதழ் வாங்கினால் போதாதா என்றால், சில கல்லூரிகள் ஏற்கின்றன, பல ஏற்பதில்லை. ஏற்காட்டு கான்வென்ட்டில் படித்திருந்தாலும் சேர்க்கைப் பிரிவுக்கு மெயில் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே தேர்வைத் தள்ளிப்போடுங்கள்.

என் யோசனை இது. அமைதியான அறை இருந்து, விண்ணப்பிக்கும் எல்லாக் கல்லூரிகளும் ஏற்றால் டுயோலிங்கோ. வீட்டில் சத்தமோ, வேறு நாட்டு எண்ணமோ இருந்தால் ஐஇஎல்டிஎஸ். மைக்கிடம் நன்றாகப் பேசும், ஆனால் வீட்டில் எழுத முடியாத பிள்ளைக்கு டோஃபெல் மையம். இ.எஸ்.எல். வழி, தேர்வு எழுதியும் மதிப்பெண் எட்டாதவர்களுக்கு மட்டும்.

எதை எழுதினாலும் பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகே பதிவு செய்யுங்கள். இனிஷியல் வைத்த பெயர் நமக்கு. பாஸ்போர்ட்டில் அது அப்பா பெயராக விரிந்து சர்நேமில் போகலாம், அல்லது சர்நேம் காலியாகவே இருக்கலாம். தேர்வுப் பதிவில் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து அப்படியே இருக்கவேண்டும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைப் பார்த்துப் பதிவு செய்துவிட்டு மையத்தின் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டால் கட்டிய பணம் போனதுதான்.