போனெட்டிக்கா, தமிழ்99ஆ, இன்ஸ்கிரிப்டா: வீட்டு கம்ப்யூட்டர்ல தமிழ் சேர்க்கறவங்களுக்கு

எங்க வீட்ல இருக்கறது ஒரே ஒரு லேப்டாப், விண்டோஸ் 11. அப்பாவுக்கும் தமிழ் அடிக்கணும், எனக்கும் அடிக்கணும், பொண்ணுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட். செட்டிங்ஸ்ல போய் தமிழ் மொழிய சேர்க்கறது சின்ன வேலைதான், ஆனா அதுக்குள்ள கீபோர்டு லிஸ்ட்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அங்கதான் பாதிப் பேரு ஏதோ ஒண்ண அமுக்கிட்டு அப்புறம் "தமிழ் டைப்பிங் ரொம்ப கஷ்டம்பா"ன்னு சொல்லிட்டுத் திரியறாங்க. அதுல முக்கியமானது மூணு: இங்கிலீஷ் எழுத்துல தமிழ் ஒலிய அடிக்கற போனெட்டிக், தமிழுக்குன்னே செஞ்ச தமிழ்99, பல இந்திய மொழிக்கும் பொதுவான இன்ஸ்கிரிப்ட். நான் மூணையும் மாத்தி மாத்தி ஓட்டிப் பாத்தாச்சு.

அதுக்கு முன்னாடி டிஸ்ப்ளே மொழி பத்தி ஒரு வார்த்தை. கீபோர்டு வேற, மெனு எல்லாம் தமிழ்ல தெரியறது வேற. தமிழ்ல அடிக்கறதுக்கு மெனுவ மாத்தணும்னு அவசியமே இல்ல. மாத்தினாலும் எல்லாமே தமிழாகாது, அங்கங்க இங்கிலீஷ் எட்டிப் பாக்கும். அதோட ஏதாவது எரர் வந்து தேடணும்னா தமிழ் மெசேஜ வச்சு தேடி ஒண்ணும் கிடைக்காது. இன்னொண்ணு, புது லேப்டாப்ல நிறைய 'ஹோம் சிங்கிள் லாங்வேஜ்' எடிஷனோட வருது, அதுல டிஸ்ப்ளே மொழிய மாத்த விடாது, ஆனா கீபோர்டு எத்தன வேணும்னாலும் சேத்துக்கலாம். நான் மெனுவ இங்கிலீஷ்லயே விட்டுட்டேன்.

சரி, கீபோர்டு. 'வணக்கம்'னு அடிச்சுப் பாப்போம். தமிழ்99ல ஆறு தட்டு: வ, ண, க, க, ம, புள்ளி. க-வ ரெண்டு தடவ தட்டினா முதல் க-வுக்கு தானா புள்ளி விழுந்துடும். இன்ஸ்கிரிப்ட்ல நடுவுல வர்ற புள்ளியையும் நாமதான் போடணும், அதனால ஏழு, அதுல ண-வுக்கு ஷிஃப்ட் வேற. 'அஞ்சல்'னு பேர் வச்ச கீபோர்டு மாதிரி போனெட்டிக்ல அ-வையும் சேத்து அடிக்கணும் (vaNakkam), எட்டு தட்டு, அங்கயும் ண-வுக்கு ஷிஃப்ட்.

போனெட்டிக்ல ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு அஞ்சல் மாதிரி விதி வச்சது, எந்த இங்கிலீஷ் எழுத்துக்கு எந்த தமிழ் எழுத்துன்னு கறாரா இருக்கும், பழகிட்டா நம்பலாம். இன்னொண்ணு நாம அடிக்கறத வச்சு யூகிச்சு லிஸ்ட் காட்டறது. ஆரம்பத்துல சொகுசா இருக்கும், ஆனா பணமா பனமா, பள்ளமா பல்லமான்னு ஒவ்வொரு வார்த்தைக்கும் லிஸ்ட்ட பாத்துப் பாத்து பொறுக்கணும், கண்ணு எழுதற எடத்துல நிக்காம அந்த குட்டிப் பெட்டியிலயே நிக்கும். வாட்ஸ்அப்ல பதில் போட ஓகே, நாலு பக்கம் எழுத உக்காந்தா எனக்குத் தலைவலி வந்துடுது.

இன்ஸ்கிரிப்ட் பல இந்திய மொழிக்கும் பொதுவா போட்ட அடுக்கு. ஹிந்தி, மலையாளம்னு பல மொழி அடிக்கறவங்களுக்கு நெஜமாவே நல்லது, க எங்க இருக்கோ எல்லா மொழியிலயும் அங்கயேதான் இருக்கும். ஆனா நமக்கு ஹிந்தி மாதிரி க-வுல நாலு, ச-வுல நாலு இல்ல, ஒண்ணொண்ணுதான், எழுத்து கம்மி, அதனால பல எடம் சும்மா காலியா கிடக்குது, அதே சமயம் மூச்சுக்கு முந்நூறு தடவ வர்ற ன, ள, ழ, ற, ண எல்லாம் ஷிஃப்ட்ல போய் உக்காந்திருக்கு. 'அவன் வந்தான்'னு அடிக்கவே சுண்டுவிரல் வலிக்கும்.

தமிழ்99, 1999ல சென்னையில நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி தமிழ்நாடு அரசு ஏத்துக்கிட்டது. உயிரெழுத்து இடது கை, மெய் பெரும்பாலும் வலது கை. ஷிஃப்ட் வேலை கிரந்த எழுத்துக்கு மட்டும்தான்னு சொல்லலாம். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற இதுக்கெல்லாம் புள்ளிய அதுவே வச்சுக்கும், 'பந்து'ன்னா ப, ந, த, உ, நாலே தட்டு. சில எடத்துல மட்டும் குழப்பும், உதாரணமா பப்பாளி. மூணு ப வரிசையா அடிச்சா புள்ளி தப்பான எடத்துல விழும், மொத ப-வுக்கு அப்புறம் ஒரு அ தட்டி நிறுத்திட்டு மத்தத அடிக்கணும். எனக்கு கை பழக ரெண்டு வாரம் ஆச்சு, மொத நாலு நாள் கீபோர்ட தூக்கி எறியணும்போல இருந்தது உண்மை. இப்ப தினமும் அரைப் பக்கத்துக்கு மேல எழுதறவங்க யார் கேட்டாலும் இதத்தான் சொல்றேன், மாசத்துக்கு ரெண்டு வரி அடிக்கறவங்களுக்கு போனெட்டிக்கே போதும்.

அப்பா கதை தனி. அவரு சர்வீஸ் முழுக்க தமிழ் டைப்ரைட்டர்ல அடிச்சவரு, 'கெ'ன்னா கை மொதல்ல கொம்புக்குத்தான் போகும், அப்புறம்தான் க. தமிழ்99ல க-வ அடிச்சுட்டு எ அடிக்கணும்னதும் "இதென்னடா தலைகீழா இருக்கு"ன்னாரு. அவருக்கு என்எச்எம் ரைட்டர்னு ஒரு தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் போட்டு அதுல பழைய டைப்ரைட்டர் அடுக்க வச்சுக் குடுத்தேன், இப்ப என்னவிட வேகமா அடிக்கறாரு.

இங்கிலீஷ் கீபோர்டுக்கும் தமிழ் கீபோர்டுக்கும் மாத்தறதுக்கு விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேத்து அமுக்கணும். லாகின் ஸ்கிரீன்ல பாஸ்வேர்டு சரியா அடிச்சும் தப்புன்னு சொன்னா, கீழ மூலையில தமிழ்ல நிக்குதான்னு பாருங்க, நான் ஒரு ராத்திரி முழுக்க பாஸ்வேர்டு மறந்துடுச்சுன்னு நெனச்சுட்டு இருந்தேன்.