பிளீச்சிங் பவுடரா, கார்பாலிக் அமிலமா?

இரண்டையும் மருத்துவமனைக்குள் கொண்டுவந்தது நாற்றம்தான். நீற்றிய சுண்ணாம்பில் குளோரின் வாயுவை ஏற்றிச் செய்த பிளீச்சிங் பவுடருக்கு கிளாஸ்கோவின் சார்லஸ் டெனன்ட் 1799-இல் காப்புரிமை வாங்கியது துணி வெளுக்க. பிணப் பரிசோதனை முடித்த கையில் ஒட்டிய வாடையை அது போக்கியதால், வியன்னாவில் மகப்பேறு மருத்துவர் செம்மல்வைஸ் 1847 மே மாதம் மாணவர்களை அதன் கரைசலில் கை கழுவ வைத்தார். பிரசவ வார்டில் ஏப்ரலில் நூற்றுக்கு 18 தாய்மார் இறந்தார்கள். ஜூனில் இரண்டு பேர்தான்.

நிலக்கரித் தாரிலிருந்து வந்த கார்பாலிக் அமிலம், அதாவது ஃபீனால், இங்கிலாந்தின் கார்லைல் நகரச் சாக்கடையின் நாற்றத்தை அடக்கியது. அதைக் கேள்விப்பட்ட அறுவை மருத்துவர் லிஸ்டர் 1865-இல் எலும்பு முறிந்த காயங்களில் வைத்துக் கட்டினார்.

காயத்துக்கு அன்று ஃபீனாலே மேல். சீழையும் ரத்தத்தையும் கண்டால் குளோரின் அவற்றோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும். ஃபீனால் அவ்வளவு சீக்கிரம் தோற்காது. ஆனால் தோலைப் பொசுக்கும், உடம்பில் ஊறி நஞ்சாகும். 1915-இல் வேதியியலாளர் டேக்கின், குளோரின் தரும் 0.5% சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலைக் கொடுத்தபின், காயத்திலும் குளோரின் இடம்பிடித்தது. அடிக்கடி புதிதாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சிரமம்.

குடிநீரில் போட்டியே இல்லை. 1897-இல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டோன் நகரில் டைஃபாய்டு பரவியபோது குழாய்களைச் சுத்தம் செய்தது பிளீச்சிங் பவுடர். இன்றும் கிணற்றுக்கு அதுதான்: 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். 2 மீட்டர் விட்டம், 3 மீட்டர் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 9,400 லிட்டர். 24 கிராம் போதும். வாளியில் முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் இறுத்துக் கிணற்றில் இறக்கிக் கலக்குங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு வேண்டாம், அது தண்ணீரைக் கடினமாக்கும். ஒரு மணி நேரம் கழித்தே இறைக்கலாம்.

இந்தக் கணக்கு 33% குளோரின் உள்ள புதுத் தூளுக்கு. மூட்டையைத் திறந்து ஈரக் காற்றில் போட்டுவைத்தால் குளோரின் பறந்து வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும். காய்ந்த தெருவோரத்தில் கோலப்பொடி மாதிரி தூவுவதும் வீண். நீரில் கரைந்தால்தான் அது கிருமியைக் கொல்லும். ஃபீனால் கலந்த நீரில் குளோரினைச் சேர்க்கவே கூடாது: துளியளவு இருந்தாலும் குளோரோஃபீனால் உண்டாகி, மருந்து வாடையில் தண்ணீரை வாயில் வைக்க முடியாது.