கோயாவா, பிளாட்டினோவா?

ஸ்பானிஷ், போர்த்துகீசியப் படங்களுக்குள் இறங்கப் பார்க்கிறவர்கள், சிறந்த இயக்குநர் விருதை வைத்துப் படம் தேர்ந்தெடுப்பதென்றால் ஸ்பெயினின் சினிமா விருதான கோயாவா, ஸ்பெயின், போர்ச்சுகல், லத்தீன் அமெரிக்க நாடுகள் எல்லாவற்றுக்குமான (இபெரோ-அமெரிக்க) விருதான பிளாட்டினோவா, எந்தப் பட்டியலைப் பிடிப்பது என்று குழம்புகிறார்கள்.

வயது: கோயா 1987 முதல். பிளாட்டினோ 2014இல் பனாமாவில் ஆரம்பம்.

எல்லை: விஷயமே இங்கேதான். கோயா மொழியைப் பார்ப்பதில்லை, ஸ்பெயின் படமா என்றுதான் பார்க்கிறது. அதனால்தான் ஆங்கிலத்தில் எடுத்த 'தி புக்‌ஷாப்' படத்துக்காக 2018இல் இசபெல் கொய்ஷெட் சிறந்த இயக்குநர் ஆனார், அடுத்த வருடம் மெக்சிகோவின் 'ரோமா'வுக்கோ இபெரோ-அமெரிக்கப் படம் என்ற தனிப்பிரிவுதான் கிடைத்தது. பிளாட்டினோ அதே 2019இல் 'ரோமா'வை எடுத்த அல்ஃபோன்சோ குவாரோனைச் சிறந்த இயக்குநராக்கியது. முதல் காட்சியில் தரையைக் கழுவும் தண்ணீரில் வானம் தெரிந்து, அதில் ஒரு விமானம் கடந்து போகுமே, அந்த ஒரு ஷாட்டுக்கே கொடுக்கலாம்!

போர்த்துகீசியம்: பிளாட்டினோவில் 2025இல் பிரேசிலின் வால்டர் சாலஸ், 'ஐ ஆம் ஸ்டில் ஹியர்' படத்துக்கு. கோயாவில் இதுவும் தனிப்பிரிவோடு சரி.

ஒரு வருத்தம்: 2020, 2022, 2023, 2024 நான்கிலும் அந்தந்த வருடம் இரண்டு விருதுமே ஒரே ஆளுக்குத்தான், அல்மோதோவர் தொடங்கி பயோனா வரை எல்லோரும் ஸ்பெயின்காரர்கள். பிளாட்டினோ இன்னும் கொஞ்சம் அகலமாகப் பார்க்க வேண்டும்.

ஸ்பெயின் சினிமாவை ஆழமாகப் பார்க்க கோயா. மெக்சிகோ, கொலம்பியா, சிலி, பிரேசில் என்று சுற்றிவர பிளாட்டினோ. பிளாட்டினோவில் 2014இலிருந்து 2019 வரை உள்ள வெற்றியாளர்களை முதலில் பாருங்கள்.